சால்வோ கொடுத்த இரத்தம்

உதை வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போவது எங்கள் விளையாட்டில் ஒரு பெரிய விஷயமே இல்லை. மூக்கு உடைந்து, விலா எலும்பில் கீறல் விழுந்து, கால்விரல் மடங்கி என்று நானே பல தடவை போய் வந்திருக்கிறேன். ஆனால் பலேர்மோவில் நான் கட்டிலோடு கிடந்த அந்த வசந்தகாலத்தில் என்னை ஒருவரும் உதைக்கவில்லை. சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் ஆட்கள் வரிசையாக வந்து விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகச் சொன்னதில் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. எனக்குச் சிறுநீரகம் மாற்றிவிட்டார்கள் என்று கபோ சந்தையில் ஒருவர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். இதே வருத்தம், நோயைத்தான் சொல்கிறேன், வேறு யாருடைய உடம்பிலும் ஒளிந்திருக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

என் பெயர் யோகன். டேக்வாண்டோக்காரன். கொழும்பில் இரண்டு முறை தேசியச் சம்பியன். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் அந்த யுத்த நாட்களில் நாட்டின் சம்பியனாவது யாருக்குமே வசதியாக இருக்கவில்லை. ஊரில், "ஆரிட்டைப் போய் மெடல் வாங்கினனி?" என்று கேட்டார்கள். கொழும்பில் சோதனைச் சாவடியில் காற்சட்டையை உயர்த்தச் சொன்னார்கள். உதைத்து உதைத்து என் முன்னங்கால் எலும்பு முழுக்கத் தழும்பு. பயிற்சி எங்கே எடுத்தாய் என்றார் அதிகாரி. விளையாட்டு என்றேன், சம்பியன் என்றேன். அப்படியென்றால் உதைத்துக் காட்டு என்றார். ஒரு சிப்பாய் தன் தொப்பியைத் தலைக்கு மேலே பிடித்தான். அவன் விரலில் படாமல் தொப்பியை மட்டும் பறக்கவிட்டேன். உதையைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பல மாதம் உள்ளே இருந்தேன்.

வெளியே வந்தவுடன் கிடைத்த வழியால் நாட்டை விட்டுப் போனேன். அந்த வழி பலேர்மோவில் வந்து முடிந்தது. காலையில் மாடிவீடுகளின் படிகளைக் கழுவினேன். பின்னேரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒருநாள் நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதியில் நடந்து போகும்போது பாதி இறக்கிய இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மார்புக் கவசத்தில் பாதம் படுகிற சத்தம். அதை நான் எங்கே கேட்டாலும் அறிவேன். குனிந்து உள்ளே போனேன். கார் திருத்தும் இடமாக இருந்த கூடத்தில் நரைமுடிக்காரர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார்.

"சப்பாத்தைக் கழட்டு" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. அவர்தான் எங்கள் ஆசான், மாயெஸ்த்ரோ நினோ. அவர் பேசியது இத்தாலியன். எங்கள் காதுக்கு எப்படிக் கேட்குமோ அப்படித்தான் இங்கே எல்லோர் பேச்சையும் எழுதப்போகிறேன்.

நினோவிடம் சேர்ந்த பிறகும் எனக்கு மேடை கிடைக்கவில்லை. பெரிய போட்டிகளில் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் இடம். இப்படியே வருடங்கள் போன பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், எந்த நாட்டவரும் மோதக்கூடிய திறந்த போட்டி ஒன்றை எங்கள் நகரத்திலேயே மே மாதக் கடைசியில் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. உதைக்கிற காலுக்கு அது ஓய்வு வாங்குகிற வயது. அந்த மேடையில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்று எனக்கு வெறி. நான் நாட்டை விட்டு ஓடி வந்தவன்தான், ஆனால் விளையாட்டை விட்டு ஓடி வரவில்லை என்று எனக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது.

எங்கள் விளையாட்டு எடைப் பிரிவுகளாக நடப்பது. என் பிரிவுக்கு நான் கொஞ்சம் கனம். எடை குறைக்கிற சமையலை என் மனைவி வதனி பொறுப்பெடுத்தாள். அவள் ஒரு சிஞ்ஞோரா, அதாவது வசதியான இத்தாலிய அம்மா, வீட்டில் சமையல், துப்புரவு எல்லாம் பார்க்கிறவள். வேலை முடிந்து வரும் வழியில் கபோவில் மரக்கறி வாங்குவாள். வசந்தம் வந்தால் அங்கே ஃபாவே மலையாகக் குவியும். தடித்த பச்சைத் தோலுக்குள் பெருவிரல் நகமளவு பச்சை விதைகள். கண்ட முதல் நாளே வதனி அதை அவரைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டாள்.

"அவரைக்காய்க்குத் தமையன் மாதிரி இருக்கு. எண்ணெய் விடாமல் அவிச்சால் உடம்பும் மெலியும், பலமும் குறையாது" என்றாள்.

மதியமும் இரவும் அதையே தின்றேன். எடையும் சொன்னபடி இறங்கியது.

நினோவின் கூடத்தில் என் எடையில் இருந்தவன் சால்வோ. துறைமுகத்தில் சுமை இறக்குகிறவன், என்னைவிட இளையவன். மூன்று வருடமாக என்னிடம் உதை வாங்கி, ஒவ்வொரு முறையும் "நாளைக்குப் பார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன். ஒரு பின்னேரம் அவனுடைய சாதாரண உதை ஒன்றை என்னால் தடுக்க முடியவில்லை. கால் எழும்பவே இல்லை, விழுந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கடைசியில் என்னை விழுத்திவிட்டோம் என்று அவன் துள்ளியிருக்க வேண்டும். துள்ளாமல் குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

"டேய், உன்ரை கண் ஏன் தேசிக்காய் மாதிரி மஞ்சளாக் கிடக்கு?"

வீட்டில் போய்ச் சலம் கழித்தால் அது பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனது. வதனியைக் கூப்பிட்டேன். வெளிச்சத்தில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இது செங்கமாரி. ஈரல் பழுதாப் போச்சு. இண்டையிலிருந்து எண்ணெய் இல்லை, இறைச்சி இல்லை, புளி இல்லை. பத்தியம்தான்."

மஞ்சட்காமாலையை எங்கள் பக்கத்தில் செங்கமாரி என்போம். அதற்குப் பத்தியம் என்றால் கஞ்சியும், அவித்த அவரைப் பிஞ்சும். ஊரில் கேட்டால் எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். அன்றிரவும் அவள் ஃபாவேயை அவித்து உள்ளிப் பல்லோடு மசித்துத் தந்தாள். மறுநாள் காலையில் படிக்கட்டு ஒன்றைப் பாதி கழுவியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

அவசரப் பிரிவின் காத்திருப்புக் கூடம் சந்தைக்குக் குறைந்ததல்ல. தலையில் துணி கட்டியவர், வயிற்றைப் பிடித்தவர், ஒரு நோயாளிக்கு ஆறு சொந்தக்காரர். வதனி என் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, பிளாஸ்டிக் உறையோடு மார்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். சுகமில்லாமல் போனாலும் எங்களுக்கு முதலில் பயம் வருவது அந்தக் கடதாசியில்தான். நினோ கேள்விப்பட்டு வந்து, "என்ரை சம்பியன் இஞ்சை செத்துக்கொண்டிருக்கிறான்!" என்று கூடம் அதிரக் கத்தினார். அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரியாது. இரத்தம் எடுத்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு ஓடி வந்தார்கள்.

இரத்தத்தில் சிவப்பணுக்கள் என்று இருக்கின்றன. மூச்சில் வருகிற பிராணவாயுவை உடம்பெல்லாம் சுமப்பது அவற்றின் வேலை. எனக்கு அவை இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. எங்கேயோ உடைந்துகொண்டிருந்தன. உடைந்த அணுக்களின் சாயம்தான் கண்ணில் மஞ்சளாகவும் சலத்தில் கறுப்பாகவும் வந்தது. மஞ்சள் நிறம் ஈரலாலும் வரும், இரத்தம் உடைவதாலும் வரும். இரண்டும் வேறு வேறு வருத்தம். இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியது. அப்போது விளங்கியது ஒன்றுதான். ஒரு கையை உயர்த்தினால் மூச்சு வாங்கியது.

டொத்தோரெஸ்ஸா, அதாவது எங்கள் வாட்டின் பெண் மருத்துவர், ஐம்பது வயதிருக்கும், கட்டிலருகே நின்று கேள்வி கேட்டார். எந்த நாடு? காட்டுப் பக்கம் இருந்தீர்களா? நுளம்பு கடித்ததா? ஊருக்குப் போய் வந்தீர்களா? பச்சைச் சிப்பி சாப்பிட்டீர்களா?

"சிப்பி இல்லை. சோறும் மரக்கறியும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். மலேரியாவாக இருக்கலாம், தொற்றுகிற ஈரல் வருத்தமாக இருக்கலாம் என்று என்னைத் தனி அறையில் போட்டார்கள். கண்ணாடிக் கதவு, முகமூடி போட்ட தாதிகள். ஒவ்வொரு சோதனையின் முடிவும் வரும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். மலேரியா இல்லை என்று வந்தது. ஈரல் வருத்தம் இல்லை என்று வந்தது. இல்லை, இல்லை என்று வருவது நல்ல செய்திதான். ஆனால் பெயரில்லாத எதிராளியோடு எப்படி மோதுவது? மேடையில் எனக்கு எதிரே நிற்பவனின் கால் எது, பழக்கம் எது என்று பார்த்துத்தான் நான் அடி எடுத்து வைப்பேன். இங்கே பார்க்க ஒருவனும் இல்லை.

இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். இரத்த வங்கியில் எடுப்பதற்கு ஈடாகச் சொந்தக்காரர் கொடுத்தால் நல்லது என்றார்கள். வதனி ஒருவரிடம் சொன்னாள், போர்கோ வெக்கியோவிலிருந்த எங்கள் ஆட்கள் வேலைக்கு லீவு போட்டு வந்து நின்றார்கள். ஒருவரிடமும் எடுக்கவில்லை. மலேரியா இருக்கிற நாட்டிலிருந்து வந்தவர்களின் இரத்தம் வேண்டாமாம். சட்டைக் கையை மடித்தபடியே அவர்கள் திரும்பிப் போனதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் நினோ தன் கூடத்துப் பெடியன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னுக்கு நின்றவன் சால்வோ. என் உதைகளுக்குப் பயப்படாதவன் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்துவிட்டான். எழுப்பி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, மறுபடி படுக்க வைத்து எடுத்தார்களாம். வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"இனி உன்னை நான் உதைக்கத் தேவையில்லை. என்ரை இரத்தம் உள்ளை நிண்டு உதைக்கும்."

கொடுக்கிற இரத்தம் பொது வங்கிக்குப் போகும், யாருடையது யாருக்குப் போனதென்று ஒருவருக்கும் தெரியாது என்று தாதி விளக்கினாள். சால்வோ காதில் வாங்கவில்லை. பையில் தொங்கிய சிவப்பைக் காட்டி, "நிறத்தைப் பார். அது என்ரைதான்" என்றான்.

இரத்தம் ஏற ஏற உயிர் திரும்பியது. சலம் தெளிந்தது. கட்டிலில் உட்கார்ந்து, போர்வைக்குள்ளே கால்விரல்களை மடக்கி நீட்டத் தொடங்கினேன். போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது, எழும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பசியும் வந்தது. ஆஸ்பத்திரியில் தந்தது நெய்ப்பிடிப்பான சூப்பும், மசித்த உருளைக்கிழங்கும், ஒரு துண்டு சீஸும். அதைப் பார்த்து வதனிக்கு வயிறு எரிந்தது.

"செங்கமாரிக்காரனுக்கு ஆராவது சீஸ் குடுப்பினமோ? இவை படிச்ச ஆக்களோ?"

வெளிச் சாப்பாடு அந்த வாட்டுக்குள் வரவே கூடாது. வாட்டுப் பொறுப்பாளரான கன்னியாஸ்திரி, சுவோர் என்று கூப்பிடுவோம், இதைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார். வதனி அதை வாசித்தாள், மடித்த பிஜாமாவுக்கு அடியில் பிளாஸ்டிக் பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கஞ்சியும் அவித்த ஃபாவேயும். மஞ்சள் நிறம் கூடிவிடும் என்று மஞ்சள்தூள் கூடப் போடவில்லை. அது அவளே இயற்றிய சட்டம்.

"கெதியாச் சாப்பிடுங்கோ. சுவோர் வந்தால் பிஜாமாவுக்கு மேலை படுங்கோ."

நான் சிரித்துக்கொண்டே தின்றேன். அவள் கை ருசி நாக்கில் பட்டதும் வீட்டுக்குப் போய்விட்டது போல் இருந்தது. அந்த மனுசி காலையில் சிஞ்ஞோரா வீட்டில் தரை துடைத்து, மதியம் சமைத்து, இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிறாள். இப்படி ஒருத்தி இருக்கும்போது எனக்கென்ன என்று நினைத்தேன். அடுத்த நாளும் கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாளும்.

பிறகு ஒரு காலையில் சலம் மறுபடி கறுத்தது. இந்த முறை பிளேன்ரீ இல்லை, கோலா. முதுகு குளிர்ந்து நடுங்கியது. முகத்தில் பிராணவாயுக் குழாய் மாட்டினார்கள். டொத்தோரெஸ்ஸாவின் முகத்தில் முதன்முறையாகக் குழப்பத்தைக் கண்டேன். கதவுக்கு வெளியே அவர் நினோவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஏத்தின இரத்தத்தை இவரின்ரை உடம்பு ஏற்கேல்லைப் போலை இருக்கு. அப்பிடியெண்டால் மேலும் ஏத்தவும் பயம், ஏத்தாமல் விடவும் பயம்."

நினோவுக்குப் பின்னால் சால்வோ நின்றான். அவன் முகம் செத்துப்போனது. வங்கி, பொது என்று தாதி சொன்னதெல்லாம் அவனிடம் எடுபடவில்லை என்று முன்பே சொன்னேன். தன் இரத்தம்தான் என்னைக் கொல்கிறது என்று அவன் நம்பிவிட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு டொத்தோரெஸ்ஸாவுக்கு முன்னால் போய் நின்றான். ஊசியைக் கண்டு மயங்குகிறவன்.

"என்ரை இரத்தத்தைத் திரும்ப எடுத்துச் சோதியுங்கோ. எனக்குள்ளை ஏதோ கெட்டது இருக்கு. என்னெண்டு கண்டுபிடியுங்கோ" என்றான். அழுதுகொண்டே சொன்னான்.

அந்த நேரத்தில்தான் வதனி வந்தாள். கையில் பிஜாமாப் பை. அழுகிற சால்வோவைப் பார்த்தாள், கண்ணாடிக்குள்ளே என்னைப் பார்த்தாள். நினோ நடந்ததைச் சொன்னார். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும், பிறகு அவளே சொன்னாள். சட்டத்தை மீறிச் சாப்பாடு கொண்டு வந்ததைச் சொன்னால் இனி உள்ளே விடமாட்டார்கள். பொலிசுக்குச் சொல்வார்கள். பெர்மெஸ்ஸோவில் கை வைப்பார்கள். சாப்பாட்டால்தான் இது வந்ததென்று அவளுக்கு நினைப்பே இல்லை. செங்கமாரிக்கு அவரையைவிட நல்லது உண்டா? ஆனால் தான் ஒளித்த ஒன்று இருக்கும்போது இன்னொருவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அழுவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பிஜாமாவைத் தூக்கி எறிந்துவிட்டு, பெட்டியை எடுத்து டொத்தோரெஸ்ஸாவின் கையில் வைத்தாள்.

"அவனை விடுங்கோ. இவருக்கு நான் ஒளிச்சுச் சாப்பாடு குடுத்தனான். இண்டைக்கும் கொண்டு வந்தனான். தண்டிக்கிறதெண்டால் என்னைத் தண்டியுங்கோ."

சுவோர் நெஞ்சில் சிலுவை போட்டார். டொத்தோரெஸ்ஸா பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சையாக, உள்ளிப் பல்லோடு, ஃபாவே. அவர் அதைப் பார்த்தபடி பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப இருந்து குடுக்கிறீங்கள்?"

"வருத்தம் வர முன்னமே. எடை குறைக்க."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

டொத்தோரெஸ்ஸா நெற்றியில் அடித்துக்கொண்டார். "சிசிலியிலை எந்தப் பிள்ளை மஞ்சளா வந்தாலும் நான் முதல் கேக்கிறது, ஃபாவே சாப்பிட்டதோ எண்டுதான். இவரிட்டை நுளம்பைக் கேட்டன், காட்டைக் கேட்டன். இதைக் கேக்கேல்லை. நீங்கள் சோறும் மிளகாயும்தான் சாப்பிடுவியள் எண்டு நானே முடிவு கட்டிட்டன்."

பிறகு அவர் உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். சிவப்பணுவைக் காவல் காக்கிற ஒரு நொதியம் உண்டு. அது எனக்குப் பிறவியிலேயே குறைவு. தாய் வழியாக வந்தது, பெரும்பாலும் ஆண்களையே வாட்டும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது, ஓடலாம், உதைக்கலாம். ஃபாவேயில் உள்ள ஒரு பொருள் உடம்புக்குள் போனால், காவலில்லாத அணுக்கள் உடைந்து கொட்டும். துணிகளுக்குள் போடுகிற பூச்சி உருண்டையும் ஆகாது. மலேரியாவுக்குக் கொடுக்கிற சில குளிசைகளும் ஆகாது. மாற்ற மருந்தில்லை, விலக்கி நடப்பதுதான் மருந்து. உறுதிப்படுத்தும் சோதனையைச் சில வாரம் கழித்துத்தான் செய்யலாம், இப்போது செய்தால் மிஞ்சியிருக்கிற புது அணுக்களும் ஏற்றிய இரத்தமும் நல்ல பிள்ளைகள் மாதிரி நடித்துவிடும் என்றார். பிறகு செய்தார்கள், அவர் சொன்னதுதான் சரி.

"முந்தி எப்பவாவது சலம் கறுத்ததோ?" என்று கேட்டார்.

கறுத்தது. காவலிலிருந்து வெளியே வந்தவுடன் எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து குளிசை குடித்தேன். அப்போதும் இப்படித்தான் போனது. உள்ளே வாங்கிய அடியில் சிறுநீரகம் கலங்கிவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். இத்தனை வருடம் அடித்தவர்கள் மேல் நான் போட்ட பழியில் ஒரு பங்கு குளிசைக்குச் சேர வேண்டியது. மிச்சப் பங்கு அவர்களுக்கே.

"மலேரியா ஆண்ட நாடுகளிலைதான் இந்தக் குறை கூட. உங்கடை தீவும் அப்பிடி, எங்கடை தீவும் அப்பிடி" என்றார் டொத்தோரெஸ்ஸா. "நீங்கள் பாதிச் சிசிலிக்காரன்."

சால்வோ கதவடியில் நின்று, "மிச்சப் பாதியை நான் குடுத்தனான்" என்றான்.

வதனிக்குத் தண்டனை கிடைக்கவில்லை. சுவோர் அந்தப் பெட்டியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார். குண்டு கிடந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் தூக்குவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வதனி சிரிக்கவில்லை. தன் கையை மடியில் வைத்து, அது வேறு யாருடைய கையோ என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உங்களைக் கொல்லப் பாத்தனான்" என்றாள்.

"நீர் சொல்லாமல் விட்டிருந்தால் செத்திருப்பன். சொன்னபடியால்தான் இருக்கிறன்."

அவள் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மே மாதக் கடைசி வந்தது. போட்டி நடந்தது. நான் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்தேன். அந்த நாள் என் வாழ்க்கையில் மிகவும் கசந்த நாள். மறுநாள் சால்வோ ஒரு கண் வீங்கி வந்தான். எங்கள் எடையில் தங்கம் அவனுக்குத்தான். பதக்கத்தைக் கழற்றி, மருந்துப் பை தொங்குகிற கம்பியில் மாட்டினான்.

"இது கணக்கிலை இல்லை. நீ வரேல்லை. அடுத்த வருஷம் வந்து என்னட்டைத் தோத்துப் போ, பிறகு இதை என்ரை எண்டு சொல்லுறன்."

அந்தப் பதக்கம் கம்பியில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் முடிவெடுத்தேன். முப்பதோ நாற்பதோ, நான் அந்த மேடையில் ஏறுவேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி ஒரு சதமும் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு பில் வரும் வரும் என்று பல மாதம் தபால்பெட்டியைப் பயத்தோடு திறந்தோம், வரவேயில்லை. சமையலறையில்தான் கஷ்டம் வந்தது. வதனி எனக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டாள். சிஞ்ஞோரா வீட்டில் விருந்துக்கே சமைக்கிறவள், எங்கள் அடுப்பில் எனக்காக ஒரு சட்டி வைக்கவில்லை. கத்தரிக்காயைக் கையில் எடுத்தாலும் திரும்பக் கூடையில் போட்டுவிடுவாள். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன்.

"உங்களுக்கு என்ன வேணுமோ நீங்களே செய்து சாப்பிடுங்கோ. என்ரை கையாலை வேண்டாம்" என்பாள்.

நான் சமைத்தேன். சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது. அவளும் அதையே சாப்பிட்டாள்.

நான் பிழைத்தால் பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு கூட்டி வருவதாக, எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல அவளும் மலைக்கோயிலின் கத்தோலிக்கப் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். அவள் சைவக்காரி. சாமிக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை. முதல் ஞாயிறு மலைப்பாதையின் முதல் வளைவிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்தேன். இவ்வளவுதான் போதும், மிச்சம் பஸ்ஸில் போவோம் என்றாள். மாட்டேன் என்று திரும்பி இறங்கினேன். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் மேலே. நேர்த்திதான் எனக்குப் பயிற்சியானது. உச்சிக்குப் போய்ச் சேர இலையுதிர்காலம் வந்துவிட்டது. அங்கே அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள், நான் பக்கத்தில் நின்று காலை நீட்டி மடக்கினேன்.

"மேடை ஏறுவன் வதனி" என்றேன்.

"ஏறுங்கோ. தடுக்கமாட்டன். ஆனால் நான் பாக்க வரமாட்டன்."

குளிர்காலம் முழுக்க நினோ என்னைப் பிழிந்தார். எடையை மெல்ல, மாதக் கணக்கில் இறக்கினேன். டொத்தோரெஸ்ஸா இரத்தம் பார்த்து, "போய் உதையுங்கோ" என்றார்.

அடுத்த மே மாதம் போட்டியின் பதிவு மேசையில் உட்கார்ந்தவர், எந்த நாடு என்று எழுதுவது எனக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நினோ, "போர்கோ வெக்கியோ" என்றார். அப்படி ஒரு நாடு இல்லை என்றார் அவர். "நீர் அந்தப் பக்கம் வாரும், காட்டுறன்" என்றார் நினோ. இரண்டு மோதல் வென்றேன். இறுதியில் எதிரே வந்து குனிந்து வணங்கியவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நிமிரும்போது மேலே பார்வையாளர் வாங்குகளில் மஞ்சள் சட்டை ஒன்று தெரிந்தது. வரமாட்டேன் என்றவள் வந்திருந்தாள்.

சால்வோ நன்றாகவே வளர்ந்துவிட்டான். முதல் சுற்றில் என்னை இரண்டு முறை தொட்டான். இரண்டாம் சுற்றில் சமப்படுத்தினேன். கடைசிச் சுற்றில் இருவருக்கும் மூச்சு வாங்கியது, ஆனால் எனக்கு வாங்கியது சாதாரண மூச்சு, மலையில் வாங்கிய மூச்சு, அதன் முடிவு எங்கே என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அவசரம் வந்தால் முதுகைத் திருப்பிப் பின்னுதை போடுவான். காத்திருந்தேன். தோள் திரும்பியது. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, வலது காலால் அவன் கவசத்தில் வைத்தேன். கூடம் முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். ஒரு புள்ளி. மணி அடித்தது.

சால்வோ தலைக் கவசத்தைக் கழற்றி என்னைக் கட்டிப்பிடித்தான். "உன்னோடை எப்பிடி வெல்லுறது? என்ரை இரத்தமே எனக்கு உதைக்குது" என்றான். பிறகு வாங்குகளைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினான்.

"சிஞ்ஞோரா வதனி! அடுத்த வருஷம் போட்டிக்கு முதல் நாள் இவனுக்குக் கொஞ்சம் ஃபாவே குடுங்கோ!"

ஒரு வருடமாக எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் உச்சரிக்கவில்லை. வதனி எழும்பி நின்றாள். வாயைக் கையால் பொத்தினாள். பிறகு கையை எடுத்தாள், சிரித்தாள். கண்ணீர் வழிய வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுத்த வருஷம் கிடக்கட்டும்! இண்டைக்கு ரெண்டு பேரும் வீட்டை வாங்கோ. நான் சமைக்கிறன்!" என்று கத்தினாள்.

அதைத் தமிழில்தான் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று சால்வோ என்னைக் கேட்டான். "வீட்டை வரட்டாம். வதனி சமைக்கப்போறாளாம்" என்றேன்.